புட்டு மாவும் மருந்துத் தொழிற்சாலையும்



மருந்து செய்யும் தொழிலைத் தமிழில் விளக்க முடியுமா? முடியாது, அவையெல்லாம் ஆங்கிலச் சொற்களாகவே இருக்கட்டும் என்பது ஒரு சாரார் கருத்து. முடியும், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நேராக ஒரு தமிழ்ச்சொல்லை ஆக்கிவிட்டால் போதும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரு சாராரும் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர் என்பது என் எண்ணம். சற்று நீளமான இடுகைதான். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மருந்துத் தொழில் ஈப்போவுக்குப் புதியதன்று. ஹோ காய் சியோங் என்பவர் 1941இல் இந்நகரில் தொடங்கிய 'ஹோ யான் ஹோர்' மூலிகைத் தேநீரைக் குடிக்காத வீடு அக்காலத்தில் குறைவு. அவருடைய மகன் டேவிட் ஹோ 1980இல் தொடங்கிய ஹோவிட் நிறுவனம் இன்று மாத்திரைகளையும் குளிகைகளையும் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர், பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பெற்றோர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உள்ளனர்.

அவர்களுள் ஒரு தாயாரை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தம் தொழிலைப் பற்றிப் பேச அழைத்திருந்தோம். அவர் பேசத் தொடங்கியதும் வாக்கியத்துக்கு மூன்று ஆங்கிலச் சொற்கள் வந்தன. 'கிரானுலேஷன்' என்றார். மாணவர்கள் விழித்தனர். என்னைப் பார்த்து, "தமிழில் இதற்கு என்ன சொல்வது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே கைகளை நீட்டிச் செய்து காட்டத் தொடங்கினார். "பொடியைக் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்துப் பிசைவோம். ரொம்ப ஈரமாகிவிடக் கூடாது. கையில் பிடித்தால் கெட்டியாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும்." பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி உடனே, "புட்டு மாவு!" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அந்தத் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, அதேதான்" என்றார்.

அதேதான் என்பது வெறும் உவமைக்குச் சொன்னதன்று. மாத்திரை செய்யும் தொழிலில் ஈரமுறையில் பொடியைத் திரட்டும்போது, பக்குவம் வந்துவிட்டதா என்று அறியக் கலவையைக் கையில் பிடித்துப் பார்ப்பது நெடுநாளைய சோதனை. இப்போது கலக்கும் இயந்திரம் எவ்வளவு விசை எடுக்கிறது என்பதை அளந்து அறிகின்றனர். எனினும் பழகிய கைகள் இன்னமும் பிடித்துப் பார்க்கின்றன. ஏன் இந்தப் பாடு? நுண்பொடியை அப்படியே அச்சுக்குழியில் கொட்டினால் அது ஒரே சீராக விழாது. ஒட்டிக்கொள்ளும், பறக்கும், மருந்து ஒரு பக்கமும் சேர்மானப் பொருள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தும் போகும். அப்படியானால் ஒரு மாத்திரையில் மருந்து கூடும், அடுத்ததில் குறையும். அதனால்தான் பொடியைச் சிறுசிறு மணிகளாகத் திரட்டி, கீழிருந்து சூடான காற்றைச் செலுத்தி மிதக்கவிட்டுக் காயவைத்து, சலித்து, அதன் பிறகே அழுத்துகின்றனர்.

இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டி அகராதி முறையில் போனால் என்ன கிடைக்கும்? 'துகளாக்கம்' என்று ஆக்கிவிடுவோம். பார்ப்பதற்கு அழகான சொல். ஆனால் பொருள் தலைகீழ்! துகளாக்குதல் என்றால் பெரியதை உடைத்துச் சிறியதாக்குதல் என்றுதான் எந்தத் தமிழனும் கொள்வான். இங்கே நடப்பதோ சிறியதைச் சேர்த்துப் பெரியதாக்குதல். தமிழ்நாட்டில் வயலுக்கு இடும் மணி வடிவப் பூச்சிக்கொல்லியை உழவர்கள் 'குருணை மருந்து' என்கின்றனர். குருணை என்பது உடைந்த அரிசி. ஆகவே அதிலும் உடைதல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டு வருகிறது. இருப்பினும் 'குருணை கட்டுதல்' என்று வினையைச் சேர்த்துச் சொன்னால் பருமனும் சரியாகிறது, திரள்வதும் விளங்குகிறது. நான் அச்சொல்லையே வகுப்பில் பயன்படுத்துகிறேன். இதைவிடச் சிறந்த சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்வோடு ஏற்றுக்கொள்வேன்.

நமக்கு மட்டுமே உள்ள இடர் இது என்று எண்ணிவிட வேண்டாம். மருந்தை அழுத்தும், நிரப்பும், பொதியும் இயந்திரங்களைச் செய்வதில் இத்தாலி நாட்டின் பொலோஞா வட்டாரம் உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள ஐமா நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் இத்தாலிய மொழியில் பிறக்கும் கையேடுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு தனித்தொழில். அவர்களும் வழுக்கி விழக்கூடிய ஒரு சொல்லைக் கேளுங்கள்: 'கொன்ஃபெத்தோ'. இத்தாலியர் திருமணத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும், சர்க்கரை பூசிய வாதுமைப் பருப்புக்கு அந்தப் பெயர். இதன் பன்மையான 'கொன்ஃபெத்தி' ஆங்கிலத்துக்குப் போய், திருமணத்தில் தூவும் வண்ணக் காகிதத் துண்டுகளைக் குறிக்கலாயிற்று. மருந்துத் தொழிலிலோ அச்சொல்லுக்குச் சர்க்கரை பூசிய மாத்திரை என்று பொருள். தொழிற்சாலைக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று மொழிபெயர்த்தால், மாத்திரை இயந்திரம் காகிதத் துண்டுகளை அல்லவா துப்ப வேண்டியிருக்கும்!

ஏன் ஒரே பெயர்? மருந்துக்காரர்கள் அந்த வேலையை மிட்டாய்க்காரர்களிடமிருந்தே கற்றனர். சுழலும் வட்டிலில் பருப்பைப் போட்டு, பாகை ஊற்றி, உருட்டி, காயவைத்து, மீண்டும் ஊற்றும் அதே முறையில்தான் மாத்திரைக்கும் சர்க்கரைப் பூச்சு ஏறியது. நம் கடைகளில் விற்கும் சீரக மிட்டாயை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே கசப்பான சீரகம், வெளியே வண்ணச் சர்க்கரை. இத்தாலியப் பாட்டிக்கு வாதுமை, நம் பாட்டிக்குச் சீரகம், வேலை ஒன்று. அந்த வேலையைக் கண்டவர் மொழிபெயர்ப்பில் தவற மாட்டார். சொல்லை மட்டும் கண்டவர் தவறுவார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாளுக்கும் இத்தாலியர் பேச்சுவழக்கில் 'புஜியார்தீனோ' என்கின்றனர். 'குட்டிப் பொய்யன்' என்று பொருளாம்! இதை நேராகத் தமிழில் ஆக்கினால் மருந்தகத்தில் என்ன கதி ஆவோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழில் இப்பணியை நம் காலத்துக்கு நெடுநாள் முன்பே ஒருவர் செய்து பார்த்துவிட்டார். அவர் தமிழரும் அல்லர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தால் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர் என்பதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களையும் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூல் 1867இல் வெளிவந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல். வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இல். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை அங்கிருந்தே தமிழாக்கப் பணியைத் தொடர்ந்தார். தம் கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்று பொறிக்கச் சொன்ன மனிதர் அவர்.

அவர் வகுத்துக்கொண்ட முறை எளிமையானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடுவது. அங்கும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது. 'கெமிஸ்தம்' அப்படி வந்த சொல். இன்றைய தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கோ அந்த ஈற்றசையின் மீது ஒரு பரிவு உண்டு. தமிழாக வேண்டும் என்று அச்சொல் எவ்வளவு முயன்றிருக்கிறது!

அங்காதிபாதமும் கெமிஸ்தமும் இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல் என்கிறோம், வேதியியல் என்கிறோம். ஈழத்தில் இரசாயனவியல் என்கின்றனர். கிரீன் ஆக்கிய சொற்கள் குறையுடையவை என்பதால் அவை மறையவில்லை என்றே நான் கருதுகிறேன். அவர் போன பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. சொல்லைச் சொல்லிக்கொண்டு வேலை செய்யும் மனிதர்கள் இல்லாது போனால், சொல் நூலகத்தில் உறங்கத்தான் வேண்டும். இராஜாஜி போன்றோர் 1916இல் சேலத்தில் அறிவியல் தமிழ்ச் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். அதன்பின் எத்தனையோ குழுக்கள், எத்தனையோ பட்டியல்கள். நம்மிடம் சொற்பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றை வாயில் வைத்துப் புழங்கும் இடத்துக்குத்தான் பஞ்சம்.

அத்தகைய இடங்களுள் ஒன்று நம் வகுப்பறை. அதற்கும் சோதனை வந்தது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. நான் பணியில் சேர்ந்த காலம் அது. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். திரும்பியபோது பல ஆசிரியர்களின் நாவில் சொற்கள் துருப்பிடித்திருந்தன. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது மீண்டும் அதே வாதங்கள். கொள்கையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நான் சொற்களோடு நின்றுகொள்கிறேன்.

'காரம்' என்ற சொல்லைப் பாருங்கள். அமிலம், காரம், நடுமை என்று கற்பிக்கிறோம். பொருள்களை வகைப்படுத்து என்றவுடன் மிளகாயைக் காரத்தின் கீழ் எழுதும் மாணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாணவன் அறியாமையால் எழுதவில்லை. தமிழ் அறிந்ததால் எழுதினான்! ஈழத் தமிழர் மிளகாயின் சுவையை 'உறைப்பு' என்பதால் அவர்களுக்கு இத்தொல்லை குறைவு. நம் நாட்டிலும் சில வீடுகளில் உறைப்பு என்ற சொல் உண்டு. அதை வகுப்புக்குள் அழைத்து வரலாம். அதைவிட எளிய வழி சவுக்காரம். நம் தாத்தா பாட்டிகள் சோப்பைச் சவுக்காரக்கட்டி என்றனர். மாணவர்கள் கையை நனைத்துச் சவுக்காரத்தைத் தேய்க்கட்டும். அந்த வழவழப்புத்தான் காரம். பிறகு சிவப்பு லிட்மஸ் தாளைக் கொடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: படிகாரத்தின் பெயரிலும் காரம் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதை நீரில் கரைத்தால் கிடைப்பது அமிலத்தன்மை! பெயரை மட்டும் நம்பினால் மோசம்தான்.

இதைவிட ஆபத்தான சொல் 'மருந்து'. தோட்டப்புறத்தில் மருந்தடித்தல் என்றால் களைக்கொல்லி தெளித்தல். முதுகில் தெளிப்பானைச் சுமந்து நம் தாய்மார்கள் அடித்த அந்த 'மருந்துகளுள்' ஒன்று பாராகுவாட். சிறிதளவு விழுங்கினாலும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. நம் நாட்டில் அது 2020 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. மலாய் மொழியிலும் 'உபாட்' என்ற ஒரே சொல் இருமல் மருந்தையும், பற்பசையையும், கொசுவத்தியையும் சுட்டும் சொற்றொடர்களில் வருகிறது. எனவே இரு மொழியும் அறிந்த பிள்ளைக்கு இரட்டைக் குழப்பம். களைக்கொல்லி என்றும் பூச்சிக்கொல்லி என்றும் வீட்டிலேயே பிரித்துச் சொல்லிப் பழகினால், புத்தகத்தில் வரும்போது அவை புதிய சொற்களாக இரா. பழைய பானப் புட்டியில் ஊற்றி வைத்த எதையும் 'மருந்து' என்று பிள்ளையின் காதுபட யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

அடுத்தது கரண்டி. பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்துப் புட்டியின் மேல் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதியிருப்பதை, பள்ளிப் பிள்ளையே பாட்டிக்குப் படித்துச் சொல்லும் வீடுகள் இன்றும் உள்ளன. அப்போது அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர்! தேக்கரண்டி என்றால் 5 மில்லி லிட்டர். மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி லிட்டர். பிள்ளை இரண்டையும் 'ஒரு கரண்டி' என்று சொல்லிவிட்டால் மருந்து மூன்று மடங்காகலாம். நம் சமையலறையில் கரண்டி என்பது குழம்பு ஊற்றும் கருவி என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவிலும் இதே கதை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கணினி வழியே ஸ்பானிய மொழிக்கு மாற்றப்பட்ட மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழப் பாதியில் பிழை இருந்ததை 2010இல் வெளியிட்டனர். 'ஒருமுறை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால், அதே எழுத்துகளை ஸ்பானியர் 'பதினொன்று' என்று படிப்பர். நாளுக்கு ஒரு மாத்திரை எங்கே, பதினொன்று எங்கே!

ஆகவே, அளவுக் கருவியை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்பேன். மருந்தோடு வரும் சிறு குவளை, ஊசியில்லாப் பீச்சுக்குழல், வீட்டுக் கரண்டிகள் ஆகியவற்றில் நீரை ஊற்றி அளக்கட்டும். 'மாத்திரை' என்ற சொல்லே அளவைக் குறிப்பது அல்லவா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் நாம் சொல்லும் மாத்திரையும், 500 மில்லி கிராம் என்று பெட்டியில் அச்சிட்ட மாத்திரையும் ஒரே சொல் என்பதை மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அன்று இலக்கணமும் அறிவியலும் ஒரே பாடமாகும்.

தனித்தமிழ் நண்பர்கள் சிலரோடு எனக்கு இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மருந்தின் பெயரையும் தமிழாக்க வேண்டும் என்கின்றனர். கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாராசிட்டமால் பாராசிட்டமாலாகவே இருக்கட்டும். மருந்துகளுக்குப் பொதுப்பெயர் வழங்கும் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டு வருகிறது. எந்த நாட்டுப் பெட்டியிலும் ஒரே பெயரைக் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்படியிருந்தும் அமெரிக்காவில் பாராசிட்டமாலுக்கு அசிட்டமினோஃபென் என்று இன்னொரு பெயர். இரண்டும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் விழுங்குவோர் உண்டு. மூன்றாவதாக நாம் வேறு ஒரு பெயர் சூட்ட வேண்டுமா? பெயரை விட்டுவிடுவோம். செய்கையைத் தமிழில் சொல்வோம். பிசைதல், சலித்தல், வடித்தல், அரைத்தல், உறையிடுதல், பூசுதல், பொதிதல்: இவற்றுக்கு யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை. சித்த மருத்துவர்கள் கல்வத்தில் அரைத்து, துணியில் சலித்துச் சூரணம் செய்ததும், வாலையில் வடித்துத் தீநீர் எடுத்ததும் மருந்து உற்பத்தி அல்லாமல் வேறென்ன?

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தேசிய மொழியில் அறிவியல் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகின்றனர். தமிழ்ச்சொல் எதற்கு என்று பெற்றோர்கள் கேட்கின்றனர். நேர்மையான கேள்விதான். அங்கே 'அசிட்' என்று ஆசிரியர் சொல்லும்போது, புளிப்பையும் லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தையும் தமிழில் அறிந்த பிள்ளை ஒரு புதுப்பெயரை மட்டும் கற்றால் போதும். பெயரை மட்டும் அறிந்து பொருளை அறியாத பிள்ளை இரண்டையும் புதிதாகக் கற்க வேண்டும்.

நம் தோட்டத்து முன்னோர் இதை எவரும் சொல்லாமலேயே செய்தனர். கோலகங்சாரில் 1877இல் நட்ட சில கன்றுகளோடு இந்நாட்டுக்கு வந்தது ரப்பர். அத்தொழிலுக்கு எந்த நிகண்டிலும் சொல் இல்லை. அவர்களோ மரத்தில் கட்டிய கிண்ணத்தை மங்கு என்றனர். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியதைக் கோட்டுப்பால் என்றனர். மங்கிலேயே உறைந்ததைக் கட்டிப்பால் என்றனர். ஆங்கிலத்துப் 'பரேட்' என்ற சொல்லே பெரட்டு ஆயிற்று என்பர். தமிழில் கிடைத்ததை எடுத்தனர், கிடைக்காததை நாவுக்கேற்பத் திருத்தினர். மானிப்பாய் மருத்துவரின் முறையேதான்! எந்தக் குழுவும் கூடவில்லை. விடியற்காலையில் அந்த வேலையைச் செய்தவர்கள் சூட்டிய பெயர்கள் அவை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பால் உறைவதற்கு ஊற்றிய ஃபார்மிக் அமிலத்தை உங்கள் தோட்டத்தில் என்னவென்று அழைத்தனர்? பால் உறையாமல் இருக்கச் சேர்த்த அம்மோனியாவை? புகையிட்டு உலர்த்திய கூடத்தை? மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெற்றோர்கள், உங்கள் பிரிவில் தமிழர்கள் தமக்குள் பேசும்போது இயந்திரங்களுக்கும் வேலைகளுக்கும் என்ன சொல் வழங்குகின்றனர் என்று எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் தாழ்வில்லை, கேட்டபடியே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் சேர்த்தால் பெரும் உதவியாகும். வந்து சேரும் சொற்களை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் சொல்லேட்டில் எழுதி வைக்க இரண்டு பக்கங்களை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் இப்போதைக்குப் 'புட்டு மாவு' மட்டும் இருக்கிறது.